டெங்கி அண்ணையும் இரண்டு புள்ளிகளும்

கொழும்பு வெள்ளவத்தையில் மனிதர்கள் எதனோடும் சண்டை பிடிப்பார்கள். ஓட்டோக்காரரோடு, மேல்மாடியில் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுபவரோடு, கடற்காற்றில் துருப்பிடிக்கும் ஜன்னல் கம்பியோடு, ஆறு மணி ரயிலோடு. ஆனால் இரண்டு புள்ளிகளோடு இரண்டு வருடம் சண்டை பிடித்த மனிதர், காலி வீதியின் கடற்பக்கத்திலும் சரி, மறுபக்கத்திலும் சரி, ஒருவர்தான். கடுகில் பாதிகூட வராத புள்ளிகள். அவற்றுக்கு எதிராக அவர் கத்திய கத்தலில் கீழே சாறிக்கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் மேலே அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்.

அவரை நாங்கள் டெங்கி அண்ணை என்றோம். சொந்தப் பெயர் வகுப்பின் வரவுப் புத்தகத்தில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். என் வாழ்க்கையில் நான் படிக்கத் தொடங்கி இடையில் விடாத ஒரே விடயம் ஜப்பானிய மொழி. அதற்கு முன் வீணை படிக்கப் போய் மூன்றாம் மாதம் நின்றேன். நீச்சல் படிக்கப் போய் முதல் நாளே நின்றேன். மூன்று வரியில் ஒரு குளத்தையே அடக்கிவிடுகிற அந்தச் சின்னஞ்சிறு ஹைக்கூ கவிதைகளை மூல மொழியிலேயே வாசித்துவிட வேண்டும் என்ற பேராசையில், நாற்பத்தாறு வயதில், சனிக்கிழமைக் காலைகளில், சாறிக்கடைக்கு மேலே இருந்த அந்த வகுப்புக்குப் படியேறினேன். அமைதியாகப் படிக்கலாம் என்று நினைத்தேன். எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் அவர்.

சட்டைப் பையில் டெஸ்டர். இடுப்பில் திறப்புக் கோர்வை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலான ஒழுங்கைகளில் எந்தத் தொடர்மாடியில் கரண்ட் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பதை எட்டிப் பிடிக்கும் வயது. வகுப்பில் மற்ற எல்லோரும் வேலைக்குப் போவதற்காக வந்த இருபது வயதுக்காரர்கள். நாங்கள் இருவரும்தான் பின்வரிசையில் முழங்கால் வலியோடு இருந்தவர்கள்.

எங்கள் சென்செய், அதாவது ஆசிரியை, பொரளையிலிருந்து வருகிற சிங்களப் பெண்மணி. ஜப்பானில் பல வருடம் இருந்தவர். தமிழ் ஓரளவு பேசுவார். முதல் நாளே ஒரு விளையாட்டு வைத்தார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. நான் போர்ட்ல ஒரு கஞ்சி எழுதுறன். திறந்த உடனே உங்க மண்டைக்குள்ள என்ன வருது? அதைச் சொல்லுங்க."

கஞ்சி என்றால் குடிக்கிற கஞ்சி இல்லை. ஜப்பானியரின் பட எழுத்துக்கு அதுதான் பெயர். அதை விழுங்குவதும் நோயாளி கஞ்சி விழுங்குவது போலத்தான். அந்த எழுத்தைப் பார்த்தால் பொருள் தெரியும், சத்தம் தெரியாது. தனியே நின்றால் ஒரு சத்தம், கூட்டுச் சேர்ந்தால் வேறொரு சத்தம். சென்செய் அதை அழகாக விளங்கப்படுத்தினார். பஸ்ஸின் நெற்றியில் தமிழில் கண்டி என்று இருக்கும், சிங்களத்தில் மஹநுவர என்று இருக்கும், பஸ் போய் நிற்பது ஒரே ஊரில்தான். கஞ்சியும் அப்படி.

கண்ணைத் திறந்தோம். வெள்ளைப் பலகையில் மூன்று சிகரங்கள். மலை. 'யம' என்பது அதன் ஒரு சத்தம் என்று சொல்லி, அது எங்கள் மண்டைக்குள் எந்த எழுத்தில் வருகிறது என்று கேட்டார் சென்செய்.

ஹெந்தளைப் பொடியன் ஒருவன் எழுந்து, தனக்கு ஆங்கில எழுத்துகள் வருகின்றன என்றான். கொட்டாஞ்சேனை றிஸ்னா, எங்கள் வகுப்பின் கெட்டிக்காரி, ஜப்பானியப் பிள்ளைகள் முதலில் படிக்கிற சத்த எழுத்தான ஹிரகனாவிலேயே தனக்கு வருகிறது என்றாள். சென்செய்யின் முகம் மலர்ந்தது. என்னைக் கேட்டார். எனக்கு மலைதான் தெரிந்தது. பனி மூடிய மலை, அடிவாரத்தில் ஒரு பாதை, பாதையில் யாரோ விட்டுப்போன குடை. சத்தம் மட்டும் வரவில்லை என்றேன்.

"கவிஞர், வியூ நல்லா இருக்கு. சத்தம் எங்க?" என்றார் சென்செய்.

அடுத்தது அவர்.

"தமிழ்," என்றார்.

"தமிழ்ல எப்படி அண்ணா?"

"யானா, மானா. யம. நீலப் பேனையால எழுதினது. கொஞ்சம் வலப்பக்கம் சரிஞ்சிருக்கும்."

வகுப்பே சிரித்தது. "மண்டைக்குள்ள பேனையுமா அங்கிள் வெச்சிருக்கீங்க?" என்று றிஸ்னா கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. டெஸ்டரைப் பையிலிருந்து எடுத்து, ஒருமுறை பார்த்து, திரும்பச் செருகிக்கொண்டார். கோபம் வரும்போது அவர் செய்வது அது.

பிறகு ஒவ்வொருவரும் ஏன் படிக்க வந்தோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் எழுந்தார்.

"என்ர மனிசி ஜப்பானுக்குப் போய் நாலு வருசம். முதியோர் இல்லத்தில வேலை. அந்த இல்லத்துக்கு ஒரு கரண்ட் வேலை ஆள் வேணுமாம். உம்மட மனுசன் இந்தச் சோதினையைப் பாஸ் பண்ணினா இடம் குடுக்கிறன் எண்டு மனேச்சர் சொன்னவராம். அவ்வளவுதான்."

உட்கார்ந்தார். அவ்வளவுதான். நான் கவிதை, குளம் என்று ஐந்து நிமிடம் பேசியிருந்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்காகவும் அவர்மேல் கோபம்.

இனி அந்தப் புள்ளிகள். ஜப்பானியரின் சத்த எழுத்தில் 'த' என்ற வன்மையான எழுத்தின் வலப்பக்க மூலையில் இரண்டு சின்னப் புள்ளி வைத்தால் அது தொண்டையிலிருந்து அதிர்ந்து வரும். 'க'வும் அப்படியே. நம் தமிழில் இரண்டு சத்தத்துக்கும் ஒரே எழுத்து. ஜப்பானிய மொழியில் தங்கம் kin, வெள்ளி gin; அவருடைய மண்டைக்குள்ளோ தங்கமும் கின், வெள்ளியும் கின். செட்டியார் தெரு நகைக்கடையில் போய் இப்படிச் சொன்னால் கடையைப் பூட்டிவிட்டு அடிக்க வருவார்கள். வானிலைக்கு ஜப்பானிய மொழியில் tenki, மின்சாரத்துக்கு denki. வித்தியாசம் அந்த இரண்டு புள்ளிகள் மட்டுமே. அவருக்கோ வானிலையும் டெங்கி, மின்சாரமும் டெங்கி. நுளம்பு கடித்தாலும் டெங்கி.

ஒருநாள் சென்செய் அவரிடம் ஜப்பானிய மொழியில் வானிலை பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார். அவர் ஜன்னலால் கடற்பக்கம் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "இன்று மின்சாரம் மிகவும் நன்றாக இருக்கிறது" என்றார். சொல்லி வாய் மூடவில்லை. கரண்ட் போனது. விசிறி மூன்று சுற்றுச் சுற்றி நின்றது.

"அங்கிள், நாவூறு பட்டுட்டு," என்றாள் றிஸ்னா.

அவரே எழுந்து போய், படிக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, ட்ரிப் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்தார். வந்து நின்றபடியே சென்செய்யைக் கேட்டார்: "நான் பிழையாச் சொன்னனோ?"

"அண்ணா, நீங்க இங்கிலீஷ்ல எழுதிப் பழகுங்க. இல்லாட்டி ஹிரகனா. தமிழ்ல ga இல்ல, da இல்ல. அதான் பிரச்சினை."

அவ்வளவுதான். டெஸ்டர் வெளியே வந்தது.

"தமிழில இல்லையோ? காகம் எண்டு எழுதுங்கோ சென்செய். முதல் எழுத்து என்ன சத்தம்? ரெண்டாவது என்ன சத்தம்? ஒரே எழுத்து! ஆராவது புள்ளி வைச்சவையோ? வைக்கேல்லை. ஏன்? எங்கட எழுத்துக்குத் தெரியும் தான் எங்க நிக்கிறன் எண்டு. இடத்தைப் பார்த்துச் சத்தம் போடும். மரியாதை தெரிஞ்ச எழுத்து!"

"ஹரி, ஹரி அண்ணா, ஆனா..." என்றார் சென்செய். சிங்களத்தில் ஹரி என்றால் சரி.

"எங்களிட்டயும் புள்ளி இருக்கு. எங்கட புள்ளி எழுத்தின்ர வாயை மூடும். இவையின்ர புள்ளி வாயைத் திறந்து கத்த வைக்குது. எது நாகரிகம்? சொல்லுங்கோ!"

இருபது பேரும் சென்செய்யும் வாயடைத்து இருந்தோம். எங்கள் எல்லோர் தலையிலும் யாரோ புள்ளி வைத்துவிட்டது போல.

அடுத்த வாரம் இன்னும் பெரிய அநியாயம் நடந்தது. அவர் சரியாகச் சொல்லிவிட்டார்.

ஜப்பானிய மொழியில் காகிதம் 'கமி'. மடித்த காகிதம் 'ஓரிகமி'. நமக்கெல்லாம் தெரிந்த சொல். கூட்டுச் சேரும்போது நடுவில் வந்த 'க' மென்மையாகிவிடுகிறது. எங்கே மென்மையாகும், எங்கே ஆகாது என்று வகுப்பே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. றிஸ்னாகூட இரண்டு இடத்தில் தடுக்கினாள். சென்செய் மழையையும் குடையையும் சேர்த்து எழுதினார். மலையையும் கோயிலையும் சேர்த்து எழுதினார். கையையும் காகிதத்தையும் சேர்த்து எழுதினார், அது கடிதம். பின்வரிசையிலிருந்து அவர், வெற்றிலை போட்டுக்கொண்டு பத்திரிகை வாசிப்பவர்போல, ஒன்றன்பின் ஒன்றாகச் சரியான சத்தத்தில் வாசித்துக்கொண்டே போனார். நடுவில் வந்த எழுத்தெல்லாம் தானாக மெலிந்து வந்தது. காகத்தில் வருவது போலவே.

சென்செய் திரும்பிப் பார்த்தார். "அண்ணா, எப்படித் தெரியும்?"

"நான் எங்க தெரிஞ்சு சொல்லுறன்? எழுத்துச் சொல்லுது," என்றார். என் பக்கம் சரிந்து மெதுவாக, "பாத்தீரோ ஐசே. இதுக்கு ஒரு புள்ளியும் வேண்டாம்," என்றார். ஆங்கிலத்து 'ஐ சே'தான் அவர் வாயில் ஐசே, என்னைக் கூப்பிடுகிற சொல்.

அந்த ஒரு வெற்றிதான் அவரைக் கெடுத்தது என்பது என் தாழ்மையான கருத்து. அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

நம் ஊருக்கு ஜப்பானிலிருந்து வருகிற பழைய வான்களின் வயிற்றில் அங்கே இருந்த கடைகளின் பெயர்கள் அப்படியே கிடக்கும். இங்கே யாரும் அழிப்பதில்லை. அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். அவற்றையெல்லாம் தெருவில் நின்று சத்தமாக வாசிப்பது அவருடைய பயிற்சியாயிற்று. ஒருநாள் வகுப்பு முடிந்து இருவரும் காலி வீதிக்கு வந்தோம். நடைபாதையில் நெருக்கடி. ஒரு வெள்ளை வான் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் பெரிய நீல எழுத்து: மழை என்ற எழுத்துக்குக் கீழே வால் முளைத்த வயல், அதற்குப் பக்கத்தில் ஆவி என்ற எழுத்து. இரண்டும் சேர்ந்தால் மின்சாரம். யாரோ ஒரு ஜப்பானிய மின்சாரக் கடைக்காரரின் வான், வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணையின் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை கண்டதில்லை. தன் தொழிலின் பெயர், தன்னூர்த் தெருவில், தனக்கு மட்டும் விளங்குகிற மொழியில்.

"ஐசே! டெங்கி!" என்று கத்தினார். வான் நகர்ந்தது. இவர் பின்னால் ஓடினார். "டெங்கி! அங்க பாரும், டெங்கி! டெங்கி!"

அது மழை விட்டிருந்த வாரம். டெங்கு நுளம்புக்குப் புகையடிப்பவர்கள் முதல் நாள்தான் ஒழுங்கைகளில் புகையடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பழக்கடைப் பெண் வாளித் தண்ணீரை அப்படியே நடைபாதையில் கவிழ்த்தாள். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஒரு தாய் மகளின் கைகளைத் தூக்கித் தூக்கிக் கடி தேடினாள். யாரோ சுகாதாரப் பரிசோதகருக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார். வான் றைவர் பயந்து பிரேக் அடித்து, தலையை வெளியே நீட்டி, "மொகத அய்யே? கோ டெங்கு?" என்றார். டெங்கு எங்கே என்று கேட்கிறார்.

அண்ணை மூச்சு வாங்கியபடி வானின் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "மேன்! மெத்தன!" இதோ, இங்கேதான்.

றைவர் இறங்கி வந்து தன் வானைச் சுற்றிச் சுற்றி நுளம்பு தேடினார். நான், ஒரு கௌரவமான பத்தி எழுத்தாளன், பழக்கடைத் தண்ணீரில் நனைந்த சப்பாத்தோடு நின்று, இரண்டு மொழியில் மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்டேன். அண்ணை கேட்கவில்லை. வானைத் தடவிக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்துதான் அவர் டெங்கி அண்ணை.

அந்த வருடப் பரீட்சை வந்தது. நான் சித்தியடைந்தேன். ஹெந்தளைப் பொடியனும் சித்தி. றிஸ்னா எங்கள் எல்லோரையும் தாண்டி எங்கோ போய்விட்டாள். அண்ணைக்கு இரண்டு புள்ளி குறைந்துவிட்டது.

இரண்டே இரண்டு புள்ளி. மதிப்பெண்ணுக்கும் எங்கள் ஊரில் புள்ளி என்றுதான் பெயர். விதிக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு என்று அன்றுதான் அறிந்தேன்.

"ரெண்டு புள்ளி ஐசே!" என்று படியில் நின்று கத்தினார். "மேல வைக்கவும் ரெண்டு கேக்கிறாங்கள், கீழ வெட்டவும் ரெண்டு வெட்டுறாங்கள்!"

பிறகு குரல் இறங்கியது. இல்லத்து மனேச்சர் அடுத்த பரீட்சை வரைதான் பொறுப்பாராம். அதற்குமேல் வேறு ஆள். அதைச் சொல்லும்போது அவர் டெஸ்டரைத் தொடவில்லை. அதனால் விடயம் பெரிது என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை றிஸ்னா ஒரு யோசனை சொன்னாள். இனிப்பான பிள்ளை, அவள் சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள் என்று நினைத்தோம்.

"அங்கிள், உங்களுக்குத் தமிழ் எழுத்துலதானே வருது. வரட்டும். அந்தத் தமிழ் எழுத்துக்கு மேலேயே ரெண்டு புள்ளி வெச்சிருங்களேன். டானாவுக்கு மேல ரெண்டு. கானாவுக்கு மேல ரெண்டு. முடிஞ்சுது."

வகுப்பே பெருமூச்சு விட்டது. எவ்வளவு எளிது! நான் கைதட்டினேன்.

"என்ன? என்ன சொன்னனீ?" அண்ணை எழுந்துவிட்டார். "தமிழுக்குப் பொட்டு வைக்கிறதோ? அதுவும் ரெண்டு பொட்டு, மூலையில? நாளைக்குத் தொப்பியும் போடச் சொல்லுவியள்!"

"அண்ணை, பிள்ளை நல்லதுக்குத்தான்..." என்றேன்.

"நீர் வாயை மூடும் ஐசே! உமக்கு மலை தெரியும், பனி தெரியும், சத்தம் தெரியாது. என்ர எழுத்தில ஒருத்தரும் கைவைக்கக் கூடாது. ஒருத்தரும்!"

எனக்கும் ஏறிவிட்டது. "உங்கட வீம்புக்கு அங்க ஒரு மனிசி காத்துக்கொண்டு இருக்கிறா, தெரியுமோ?" என்றேன்.

சொல்லியிருக்கக்கூடாது. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நாற்காலியில் அவருடைய சி.ஆர். கொப்பி கிடந்தது. தடித்த மட்டை, நூல் தைத்த முதுகு.

அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். திருப்பிக் கொடுக்கத்தான். சத்தியமாக. ஆனால் மேசையில் வைத்துப் பார்க்கப் பார்க்கக் கோபம் பொங்கியது. இந்த மனிதரை அவரிடமிருந்தே காப்பாற்றியாக வேண்டும் என்று ஒரு வேகம். நல்லது செய்யப் புறப்படுகிற கோபத்தைப்போல ஆபத்தானது எதுவும் இல்லை. சிவப்புப் பேனையை எடுத்தேன். கொப்பியைத் திறந்தேன்.

ஒவ்வொரு வரியிலும் ஒரு கஞ்சி, பக்கத்தில் அதன் பொருள், பக்கத்தில் தமிழ் எழுத்தில் அதன் சத்தம். நீல மை, வலப்பக்கம் சற்றுச் சரிந்த எழுத்து. நான் ஒரு நீதிபதியைப்போலப் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். வெள்ளிக்கு இரண்டு, தங்கத்துக்கு இல்லை. வங்கிக்கு இரண்டு. டெங்கிக்கு இரண்டு. முதலாம் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். கடற்காற்று ஜன்னலைத் தட்டியது. எனக்கு மனம் நிறைந்துபோயிருந்தது.

நாலாம் பக்க ஓரத்தில், அதே நீலத்தில், அதே சரிவில், இப்படி இருந்தது:

'இஞ்சேருங்கோ, இண்டைக்கு இதுக்கு மேல படிக்க வேண்டாம். சாப்பிடுங்கோ.'

பேனையைக் கீழே வைத்தேன். பக்கங்களைப் புரட்டினேன். ஏழாம் பக்கத்தில்: 'மழை எண்ட எழுத்துக்குள்ள நாலு துளி இருக்கும், எண்ணிப் பாருங்கோ. இஞ்ச மூண்டு நாளா மழை.' பன்னிரண்டாம் பக்கத்தில்: 'ஏணியில ஏறேக்க செருப்போட ஏறாதேங்கோ.' இது கரண்ட் வேலைக்காரர் ஒருவருக்கு எழுதியது. அதற்கும் பக்கத்தில் இருந்த கஞ்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கொப்பி முழுக்க அவருடைய எழுத்தே இல்லை. அங்கே போன முதல் வருடத்தில், வேலை முடிந்த நேரங்களில், அந்தப் பெண் தன் கையால் எழுதி, ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பிய கொப்பி அது. முதல் நாள் வகுப்பில் அவர் சொன்னாரே, நீலப் பேனை, வலப்பக்கம் சரிஞ்சிருக்கும் என்று. நாங்கள் எல்லோரும் சிரித்தோமே. அவருக்கு மண்டைக்குள் வந்தது தமிழ் எழுத்து அல்ல. அவளுடைய எழுத்து. காகம், நாகரிகம், மரியாதை தெரிந்த எழுத்து என்று அவர் கத்தியதெல்லாம் இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான். அந்த எழுத்தின் தலையில் நான் மூன்று பக்கத்துக்குச் சிவப்பு மையால் குத்தி வைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு முன்னரே போய்ப் படியில் நின்றேன். அவர் வந்தார். கொப்பியைக் கொடுத்து, செய்ததைச் சொன்னேன். திறந்து பார்த்தார். முதலாம் பக்கம். இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம்.

கத்தவில்லை. சாறிக்கடையில் கத்திரிக்கோல் துணியில் ஓடுவது கேட்டது. கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அண்ணை, எனக்குத் தெரியாது. நான் உங்கட எழுத்தெண்டு..."

"என்ர எழுத்து இவ்வளவு வடிவோ, விசரா?" என்றார் மெதுவாக.

பிறகு போனை எடுத்து மனைவிக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். அங்கே அவருக்கு ஓய்வு நேரம் போலும். சீருடையோடு, ஒரு கையில் தேநீர்க் கோப்பையோடு, சுகந்தி அக்கா திரையில் வந்தார். அண்ணை பக்கத்தைக் காட்டினார். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

"ஆர் உந்தப் புள்ளியெல்லாம் வைச்சது?"

"கவிஞர்."

"நல்ல வேலை செய்திருக்கிறார். எனக்கு அப்ப இந்த யோசனை வரேல்லை பாருங்கோ." அக்கா திரைக்குக் கிட்ட வந்தார். "பொறுங்கோ, பொறுங்கோ. மூண்டாம் பக்கத்தைக் காட்டுங்கோ. ரெண்டு டெங்கிக்கும் புள்ளி வைச்சிருக்கிறார்! மேல கிடக்கிறது வானிலை. கவிஞர் வானத்துக்குக் கரண்ட் குடுத்திட்டார்!"

படிக்கட்டு முழுக்க அவருடைய சிரிப்பு. நான் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். நீதிபதிக்குப் பொருளைப் பார்க்கவும் பொறுமை இருக்கவில்லை. டெங்கி என்று கண்ட இடமெல்லாம் குத்தியிருந்தேன். பரீட்சையில் சித்தியடைந்தவன்.

"அக்கா, உங்களுக்கு மண்டைக்குள்ள எந்த எழுத்து வாறது?" என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

"எனக்கு எழுத்தே வாறேல்லைத் தம்பி. ஆக்கள்தான். மருந்து எண்ட கஞ்சியைக் கண்டா ஏழாம் அறை அம்மா 'குசுரி, குசுரி' எண்டு கூப்பிடுறது கேக்கும். தண்ணி எண்டா மூண்டாம் அறை ஐயா. அவர் போன மாசம் செத்துப் போனார். எண்டாலும் அவர்தான் சொல்லுறார்."

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அக்கா, "இஞ்சேருங்கோ, மிச்சப் பக்கத்துக்கும் வையுங்கோ. நான் சொல்லுறன், நீங்கள் வையுங்கோ," என்றார்.

அண்ணை என் பக்கம் கையை நீட்டினார். "பேனையைத் தாரும்."

கொடுத்தேன். வானிலையின் தலையில் நான் வைத்த இரண்டு புள்ளிகளையும் ஒரே கோட்டால் வெட்டினார். அழுத்தி, தாள் கிழியும் அளவுக்கு. வெட்டிய அழுத்தத்தில் என்மேல் இருந்த கோபம் முழுக்கப் போயிருக்க வேண்டும்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும், வகுப்பு முடிந்து, கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பார். போனைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார். "ஒன்பதாம் பக்கம், அஞ்சாவது வரி, ரெண்டாவது எழுத்து. வைச்சிட்டீங்களோ?" "வைச்சாச்சு." "அடுத்தது வேண்டாம், அது அப்பிடியே இருக்கட்டும்." சேலை வாங்கிவிட்டு வெளியே வருகிற பெண்கள் அவரைத் தாண்டும்போது சேலைத்தலைப்பை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். தமிழுக்குப் பொட்டு வைப்பதா என்று முழங்கிய மனிதர், ஒரு கொப்பி முழுக்கப் பொட்டு வைத்தார்.

பரீட்சை நாளன்று நான் மண்டப வாசலில் நின்றேன். அவருக்காக இல்லை, எனக்கும் அடுத்த நிலைப் பரீட்சை. என்னுடையது என்ன ஆனது என்று இங்கே சொல்வதாக இல்லை. அவர் வெளியே வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வந்தது ஐசே!"

"எது?"

"டெங்கி! வானத்து டெங்கி! கீழ நாலு விடை. ஒண்டில புள்ளி இருக்கு, ஒண்டில இல்லை. நான் கண்ணை மூடினன். அவவின்ர எழுத்து வந்தது, நீலத்தில. மேல உம்மட ரெண்டு சிவப்புப் புள்ளி. அதுக்கு மேல என்ர வெட்டு. வெட்டுக் கிடந்தபடியா புள்ளி இல்லை எண்டு தெரிஞ்சுது. டக்கெண்டு போட்டன்!" மூச்சு வாங்கினார். "நீர் சரியாச் செய்திருந்தா எனக்கு ஒண்டும் ஞாபகம் இருந்திராது. நீர் ஒரு மடையன் எண்டபடியாத்தான் தப்பினன்."

நாற்பத்தெட்டு வருட வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே இலக்கிய விமர்சனம் அதுதான் என்று சொல்லலாம்.

சித்தியடைந்தார். மூன்று மாதத்தில் போய்விட்டார். போகிற அன்று எங்கள் தொடர்மாடியில் கரண்ட் இல்லை. கூப்பிட ஆளும் இல்லை. என் சிவப்புப் பேனையையும் கொண்டுபோய்விட்டார். கேட்டால், 'அது கொப்பியோடு வந்தது' என்று செய்தி அனுப்புகிறார். இந்த அநியாயத்தை எந்தச் சந்தியில் நின்று கத்துவது?

கத்தாமல் இருப்பதற்கு ஒரே ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் குளிர் ஊரில், காலையில் அவர் ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் நிற்கும் மனைவியிடம், இன்று வானிலை நன்றாக இருக்கிறது என்று சொல்வார். சொல்லும் கணத்தில் அவருக்குள் அவளுடைய நீல எழுத்து எழும்பும். அதன் மூலையில், வெட்டுப்பட்டபடி, என் இரண்டு புள்ளிகளும் அவர்களோடு நின்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்.